ஷிப்ட், ரிவால்வர், கார் ரிப்பேர்: டெக்சாஸ் பிரேக் ரூமில் ஏன் எப்போதும் இதே பேச்சு?

ஒருவர் கேட்டிருந்தார்: "என் தம்பி ஒரகடத்தில் வேலை பார்த்தவன். இப்போது எச்1பி விசாவில் டெக்சாஸ் ஆர்லிங்டன் பக்கம் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் இன்ஜினியர். இடைவேளைக்கு உட்காருகிற பிரேக் ரூமில் கூட வேலை பார்ப்பவர்கள் மூன்றே விஷயம்தான் பேசுகிறார்களாம்: ஷிப்ட், பாக்கெட்டில் வைக்கிற ரிவால்வர், கார் ரிப்பேர். 'நீயும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்' என்று வேறு சொல்கிறார்களாம். இது என்ன கூத்து? வாங்கலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வாங்கக் கூடாது. எச்1பி விசாவில் இருப்பவர் கையில் துப்பாக்கி இருப்பதே பெரிய குற்றம். ஏன் என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

மற்றபடி இதில் கூத்து ஒன்றும் இல்லை. நானும் டாலஸுக்கும் ஃபோர்ட் வொர்த்துக்கும் நடுவில், அதே மாதிரித் தொழிற்சாலைகளில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பல வருடம் ராத்திரி வேலை பார்த்தவன். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் சம்பந்தமில்லாத பேச்சாகத் தெரியும். உள்ளே உட்கார்ந்து கேட்டால் மூன்றும் ஒரே கவலைதான்: நேரத்துக்கு வேலைக்குப் போய்ச் சேர வேண்டும், விடிந்ததும் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும். இரண்டுக்கும் அடுத்தவரை நம்ப முடியாது.

ஒரகடத்தில் கம்பெனி பஸ் தாம்பரத்திலும் காஞ்சிபுரத்திலும் வந்து ஏற்றிக்கொண்டு போகும். பஸ் லேட்டானால் அது கம்பெனி பாடு, உங்கள் தம்பிக்குச் சம்பளம் வெட்டு விழாது. ஆர்லிங்டன் அப்படி இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1954-லிருந்து ஆலை நடத்துகிற ஊர் அது. டாஹோ, சபர்பன், எஸ்கலேட் எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 3 லட்சத்து 94 ஆயிரம். இவ்வளவு பெரிய ஊரில் வழக்கமான டவுன் பஸ்ஸே கிடையாது. சோதனையாக ஓடிக்கொண்டிருந்த ஒரே ஒரு பஸ் தடமும் 2017 கடைசியில் நின்றுபோய், செல்போனில் கூப்பிட்டால் வருகிற வேன் வந்தது. அதுவும் ராத்திரி முழுக்க ஓடாது. கார் செய்கிற ஊரில் கார் இல்லாதவனுக்கு வழியில்லை என்பது தமாஷாக இருக்கலாம், ஆனால் நிலைமை அதுதான்.

இதோடு 'பாயின்ட்' கணக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பல தொழிற்சாலைகளில் சில நிமிடம் லேட்டானால் அரைப் பாயின்ட், சொல்லாமல் வராவிட்டால் ஒன்றோ இரண்டோ என்று ஏறிக்கொண்டே போகும். எல்லையைத் தாண்டினால் வேலை போய்விடும். எத்தனை என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டெக்சாஸில் யூனியன் ஒப்பந்தமோ வேறு எழுத்துப்பூர்வ ஒப்பந்தமோ இல்லாத தொழிலாளியைக் காரணம் சொல்லாமலேயே அனுப்பலாம். ஆகவே 'கார் ஸ்டார்ட் ஆகலை' என்பது அங்கே ஒரு சாக்கு இல்லை, வயிற்றுப் பிழைப்பு சம்பந்தப்பட்ட செய்தி. யாராவது அதைச் சொன்னால் மேஜையைச் சுற்றி இருக்கிற நாலு பேரும் உடனே காது கொடுப்பது இதனால்தான்.

இனி ஷிப்ட். நம்மூரில் ஏ, பி, சி என்று எட்டு மணி நேரமாக மூன்று ஷிப்ட். அங்கேயும் அப்படி உண்டு. ஆனால் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்தான் பேச்சுக்குத் தீனி போடுவது. '2-2-3' என்று ஒரு முறை: இரண்டு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு, மூன்று நாள் வேலை, அடுத்த வாரம் அப்படியே தலைகீழ். பதினான்கு நாளில் ஏழு ஷிப்ட், 84 மணி நேரம். வாரத்தை ஞாயிறிலிருந்து சனி வரை என்று கணக்கிட்டால், ஒரு வாரம் 36 மணி, மறு வாரம் 48 மணி என்று விழும். 1938-ஆம் வருடத்து மத்தியச் சட்டப்படி வாரம் 40 மணியைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு கூலி. அந்த 48-இல் எட்டு மணி நேரம் ஓவர்டைம். அதோடு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றும் லீவு. பிள்ளைகுட்டிக்காரர்கள் இந்த முறையை விட்டுத்தரவே மாட்டார்கள்.

இன்னொன்று 'டூபான்ட்' முறை. நாலு ராத்திரி வேலை, மூன்று நாள் ஓய்வு, மூன்று பகல், ஒரு நாள் ஓய்வு, மூன்று ராத்திரி, மூன்று நாள் ஓய்வு, நாலு பகல், அப்புறம் முழுசாக ஏழு நாள் ஓய்வு. 28 நாளில் ஒரு சுற்று. எல்லோரும் அந்த ஏழு நாள் லீவைப் பற்றியே பேசுவார்கள். ஆளைச் சாய்ப்பது நடுவில் இருக்கிற அந்த 'ஒரு நாள் ஓய்வு'. மூன்று பகல் முடித்து, ஒரே ஒரு நாளில் உடம்பைத் திருப்பி, மறுநாள் ராத்திரிக்கு நிற்க வேண்டும். அந்த முதல் ராத்திரி விடிகாலை நாலு மணி வாக்கில் உடம்புச் சூடு இறங்கி, கை வேலை செய்யும், மூளை செய்யாது. வீட்டுக்கு ஓட்டிப் போகும்போதுதான் உண்மையான ஆபத்து. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007-லும் மறுபடி 2019-லும் ராத்திரி ஷிப்ட் வேலையை 'புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது' என்ற வரிசையில் வைத்திருக்கிறது. பிரேக் ரூமில் அதை யாரும் பேச மாட்டார்கள். மணிக்கு ஒரு டாலரோ இரண்டு டாலரோ ராத்திரிப் படி கூடுதலாகக் கிடைக்கிறது என்று பேசுவார்கள். அந்தப் படியும் மத்தியச் சட்டம் கட்டாயப்படுத்தியது இல்லை, கம்பெனி மனசு வைத்துக் கொடுப்பது.

சரி, கார். மூன்றில் உங்கள் தம்பிக்கு உண்மையில் உபயோகப்படுவது இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

அமெரிக்கச் சாலையில் ஓடுகிற வண்டிகளின் சராசரி வயது 2024-ல் 12.6 வருடம். தொழிற்சாலை பார்க்கிங்கில் அதைவிடப் பழசுகள் நிறைய நிற்கும். கடையில் விட்டால் வேலைக்கூலி மட்டுமே மணிக்கு நூறு டாலருக்கு மேல். ஆகவே முடிந்தவர்கள் எல்லாம் தாங்களே கை வைப்பார்கள். அதற்கு வசதியும் இருக்கிறது. 1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்கிற ஒவ்வொரு காரிலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி-2 என்ற ஒரே மாதிரியான சாக்கெட் இருந்தாக வேண்டும். இருபது முப்பது டாலர் ஸ்கேனரைச் சொருகினால் வண்டி தன் குறையை 'கோட்' என்கிற குறியீட்டு எண்ணாகச் சொல்லிவிடும். பி0301 என்றால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை. பி0171 என்றால் பெட்ரோலுக்குக் காற்று அதிகம். பி0455 என்றால் பெட்ரோல் ஆவி எங்கோ கசிகிறது. பல சமயம் டேங்க் மூடியைச் சரியாகத் திருகாததுதான் காரணம். ஸ்கேனர் கூட வேண்டாம், ஆட்டோஜோன், ஓரைலி மாதிரி உதிரிபாகக் கடைகளில் இலவசமாகவே படித்துச் சொல்வார்கள். முன்பணம் கட்டினால் டூலையும் எடுத்துப் போகலாம். திருப்பிக் கொடுத்தால் முழுப் பணமும் வாபஸ்.

பிரேக் ரூமில் அதிகம் அடிபடுகிற கோட் பி0420. புகைக்குழாயில் இருக்கிற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அதற்குள் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் இருப்பதால் விலை எகிறும், திருட்டும் போகும். டெக்சாஸில் வருடாந்தர பாதுகாப்புச் சோதனையை 2025 ஜனவரியோடு தனியார் கார்களுக்கு எடுத்துவிட்டார்கள். ஆனால் ஆர்லிங்டன் இருக்கிற டாரன்ட் கவுன்டியில் புகைச் சோதனை இன்னும் உண்டு. செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் ஃபெயில், ஃபெயில் ஆனால் ரிஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்க முடியாது. சிலர் சோதனைக்குப் போகிற வழியில் அந்தக் கோட் எண்ணை ஸ்கேனரால் அழித்துவிட்டுப் போவார்கள். அது பலிக்காது. கோட் எண்ணை அழித்தால் வண்டி தனக்குத்தானே செய்து முடித்த உள் சோதனைகளும் சேர்ந்து அழிந்துவிடும். சோதனை மெஷின் 'இன்னும் தயாரில்லை' என்று திருப்பி அனுப்பிவிடும். சில நாள் சாதாரணமாக ஓட்டினால்தான் அவை மறுபடி முடியும், அதற்குள் விளக்கும் திரும்ப எரியும். பி0420 வந்தவுடன் கன்வர்ட்டரை மாற்றாமல், முதலில் குழாயில் ஓட்டை இருக்கிறதா, ஆக்சிஜன் சென்சார் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முறை. பல நேரம் கடைசியில் கன்வர்ட்டர்தான் என்று வந்து நிற்கும், அது வேறு விஷயம்.

பார்க்கிங்கில் நான் பார்த்த ஒரு வைத்தியத்தைச் சொல்கிறேன். ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் ஒரு பையனின் பழைய காம்ரி 'டிக் டிக்' என்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. எல்லோரும் பேட்டரி என்கிறார்கள். மெயின்டனன்ஸ் பெரியவர் ஒருவர், ராத்திரி முழுக்க கன்வேயர் மோட்டாரோடு மல்லுக்கட்டியவர், தன் பிக்கப்பிலிருந்து மல்ட்டிமீட்டரை எடுத்து வந்து பேட்டரி முனையில் வைத்தார். 11.9 வோல்ட். நல்ல பேட்டரி சும்மா நிற்கும்போது 12.6 காட்ட வேண்டும். இன்னொரு வண்டியிலிருந்து ஒயர் கொடுத்து ஸ்டார்ட் பண்ணி, ஒயரைக் கழற்றிவிட்டு மறுபடி வைத்தார். ஓடும்போது பதிமூன்றரையிலிருந்து பதினாலரைக்குள் ஏற வேண்டும். ஏறவே இல்லை, கண் முன்னாலேயே இறங்கிக்கொண்டு வந்தது. "பேட்டரி இல்லப்பா, ஆல்டர்னேட்டர். ஏசி போடாதே, ரேடியோ போடாதே, விளக்கு தேவையில்லாத வெளிச்சம் வந்தபிறகு கிளம்பு, நேராகக் கடைக்குப் போ" என்றார். அந்தப் பையன் பேட்டரி வாங்கப் போயிருந்தால் நூற்றைம்பது டாலருக்கு மேல் செலவழித்து மறுநாளும் அங்கேயே நின்றிருப்பான்.

எந்த வண்டி வாங்கக் கூடாது என்பது அடுத்த நிரந்தரப் பேச்சு. 2004-லிருந்து 2008 வரை வந்த ஃபோர்ட் எஃப்-150 பிக்கப்பில் 5.4 லிட்டர், சிலிண்டருக்கு மூன்று வால்வு உள்ள டிரைட்டன் இன்ஜின் வந்தது. அதன் ஸ்பார்க் பிளக் இரண்டு துண்டாகச் செய்து பொருத்தியது. கீழ்த்துண்டைச் சுற்றிக் கரி படிந்து இறுகிக்கொள்ளும். திருகிக் கழற்றினால் மேல்துண்டு மட்டும் கையோடு வரும், கீழ்த்துண்டு இன்ஜின் தலைக்குள்ளேயே தங்கிவிடும். அதை எடுப்பதற்கென்றே தனி டூல் விற்கிறார்கள் என்றால் எத்தனை பேர் அவதிப்பட்டிருக்க வேண்டும் பாருங்கள். பழக்கமானவர்கள் பிளக்கைக் கால் சுற்று தளர்த்தி, துருநீக்கி எண்ணெயை விட்டு, ஊறவிட்டு, முன்னும் பின்னுமாகத் திருகித் திருகி எடுப்பார்கள். அதைப் போலவே 2013-க்குப் பிந்தைய சில நிசான் வண்டிகளின் சிவிடி என்கிற, படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். வழக்குகள் வந்து, கம்பெனியே சில மாடல்களுக்கு வாரண்டியை நீட்ட வேண்டியதாயிற்று. உங்கள் தம்பி மூன்று மாதத்துக்குள் இதையெல்லாம் மனப்பாடமாகச் சொல்வார். அவர்கள் கூட்டத்தில் சேர அதுவே போதும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஜாக்கியில் மட்டும் தூக்கி வைத்திருக்கிற வண்டிக்குக் கீழே தலையை விடவே கூடாது. ஜாக் ஸ்டாண்ட் இரண்டும் வைத்து, வண்டியைக் கையால் ஒருமுறை ஆட்டிப் பார்த்தபிறகுதான் கீழே போக வேண்டும். ராத்திரி முழுக்க விழித்திருந்தவர் அன்று காலையே அந்த வேலையில் இறங்கவே வேண்டாம். தூங்கி எழுந்து செய்யலாம்.

இப்போது ரிவால்வர்.

ராத்திரி பன்னிரண்டுக்கோ மூன்றுக்கோ அரைகுறை விளக்குள்ள பார்க்கிங்கில் தனியாக வண்டிக்கு நடக்கிறவர்கள், வழியில் பெட்ரோல் பங்க்கில் நிற்கிறவர்கள், நெடுஞ்சாலையோரம் டயர் மாற்றுகிறவர்கள் இவர்கள். அங்கே அதற்குக் கையில் துப்பாக்கி என்பது ரொம்பப் பழைய பதில். ஏன் சுழலும் சிலிண்டரில் தோட்டா போடுகிற ரிவால்வர், கைப்பிடிக்குள் தோட்டாக் கூடு சொருகுகிற இத்தனை நவீன பிஸ்டல் இருக்கும்போது? அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1927-ல் கோல்ட் கம்பெனி டிடெக்டிவ் ஸ்பெஷல் என்று குட்டைக் குழல் ரிவால்வர் ஒன்றைக் கொண்டுவந்தது, ஆறு குண்டு. 1950-ல் ஸ்மித் அண்ட் வெசன் அதைவிடச் சின்னதாக, .38 ஸ்பெஷல் தோட்டா ஐந்து பிடிக்கிற ஒன்றைச் செய்து, கொலராடோ ஸ்பிரிங்ஸில் நடந்த போலீஸ் தலைவர்கள் மாநாட்டில் காட்டியது. அதனால் அதற்குச் சீஃப்ஸ் ஸ்பெஷல் என்றே பெயர் விழுந்தது. 1957-ல் மாடல் 36 என்று எண் கொடுத்தார்கள். அந்த அளவை 'ஜே ஃபிரேம்' என்பார்கள். இன்றைக்கும் பாக்கெட் ரிவால்வர் என்றால் அதன் பேரன்கள்தான், முக்கியமாக அலுமினிய உடம்புள்ள 642. 2009-ல் ருகர் கம்பெனி பாதி உடம்பு பிளாஸ்டிக்கான எல்சிஆரை இறக்கியது. இரண்டுமே அரைக் கிலோவுக்கும் குறைவு. இரண்டிலும் சுத்தி உள்ளே மறைந்திருக்கும், அதனால் பாக்கெட் துணியில் மாட்டாது.

போலீஸ் இதையெல்லாம் எப்போதோ கைகழுவிவிட்டது. 1986 ஏப்ரலில் மியாமியில் எஃப்பிஐ ஆட்கள் இரண்டு கொள்ளையரோடு மோதியதில் இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள், ஐந்து பேருக்குக் காயம். அடிபட்ட கையோடு ரிவால்வரில் குண்டு நிரப்புவது எவ்வளவு கஷ்டம் என்பது அப்போது தெரிந்தது. அதன்பிறகு நாடு முழுக்க போலீஸ் பிஸ்டலுக்கு மாறியது. நியூயார்க் போலீஸ் 1993-ல் மாற ஆரம்பித்து, கடைசி ரிவால்வர்களை 2018-ல்தான் ஓய்வுக்கு அனுப்பியது.

ஆனாலும் தொழிற்சாலைப் பெரியவர்கள் ரிவால்வரை விடாததற்கு அவர்கள் சொல்கிற காரணம் காரைப் பற்றிச் சொல்வதைப் போலவே இருக்கும்: பாகம் குறைவு, மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் வேலை செய்யும், ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி விசையை இழுத்தால் அடுத்தது வரும். பாதி உண்மை. கெட்டுப்போகாத மெஷின் என்று ஒன்று கிடையாது என்பது மெயின்டனன்ஸ்காரருக்குத் தெரியாதா? காலித் தோட்டாவைத் தள்ளுகிற நட்சத்திர வடிவத் தகடுக்கு அடியில் எரியாத மருந்துத் துகள் ஒன்று மாட்டினால் போதும், சிலிண்டர் சுற்றாது. தள்ளுகோல் திருகு தளர்ந்தால் சிலிண்டர் திறக்காது. பாக்கெட்டில் வைத்தால் நூலும் தூசியும் உள்ளே போய் அடையும். பிஸ்டல் கோளாறு பல சமயம் நின்ற இடத்தில் சரிசெய்துவிடலாம், ரிவால்வர் கோளாறுக்கு டூல் வேண்டும்.

இன்னொரு பொய், துப்பாக்கிக் கடைக் கவுன்டரில் சொல்வது: 'சின்னது, லேசானது, புதிதாகக் கற்கிறவர்களுக்கு நல்லது.' சுட்டுப் பார்த்தவனாகச் சொல்கிறேன், தலைகீழ். அந்த ரிவால்வரின் எடை சுமார் 400 கிராம். அதன் விசையை இழுக்க சுமார் ஐந்தரை கிலோ பலம் வேண்டும். இழுக்கும்போதே முனை ஆடும். குழல் இரண்டு அங்குலம் கூட இல்லை, குறி பார்க்க முன்னும் பின்னும் இருக்கிற புள்ளிகள் ஒட்டிக்கொண்டு நிற்கும், துளி கோணினாலும் குண்டு எங்கோ போகும். லேசான துப்பாக்கி என்பதால் உதை முழுக்க உள்ளங்கையில். ஒரு பெட்டித் தோட்டா முடிவதற்குள் கை வலித்துவிடும். வலிப்பதால் யாரும் பழகுவதில்லை. பழகாததால் சுடத் தெரிவதில்லை. தூக்கிச் சுமக்கச் சுகமான ஆயுதம், சுடுவதற்கு அல்ல. வாங்கியவர்களில் பெரும்பாலானோர் வருடத்துக்கு ஒருமுறை கூட அதைச் சுடுவதில்லை என்பது நான் கேட்ட பேச்சுகளிலிருந்து எனக்குத் தோன்றுவது.

டெக்சாஸில் இந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு நிஜமான ரிவால்வர் இருக்கிறது. 1991 அக்டோபர் 16-ஆம் தேதி, கில்லீன் என்ற ஊரில் லூபிஸ் உணவகத்துக்குள் ஒருவன் வண்டியை விட்டு மோதி, இறங்கிச் சுட்டான். 23 பேர் இறந்தார்கள். சூசன்னா ஹப் என்ற பெண் அப்பா அம்மாவோடு அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் ரிவால்வர் இருந்தது, ஆனால் காரில். மறைத்து எடுத்துப்போவது அன்றைய சட்டப்படி குற்றம் என்பதால் கைப்பையிலிருந்து எடுத்து வெளியே வண்டியில் வைத்திருந்தார். அப்பாவும் அம்மாவும் கொல்லப்பட்டார்கள். அதன்பிறகு அவர் ஊர் ஊராகச் சாட்சி சொன்னார், டெக்சாஸ் சட்டசபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1995-ல் லைசென்ஸோடு மறைத்து எடுத்துப்போகும் சட்டம் வந்தது. 2011-ல், பூட்டிய சொந்தக் காரில் சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கியை, சில விதிவிலக்குகள் தவிர, முதலாளி தடுக்க முடியாது என்று இன்னொரு சட்டம். 2021 செப்டம்பரிலிருந்து, தகுதியுள்ளவர்களுக்கு லைசென்ஸே வேண்டாம். கட்டடத்துக்குள் கூடாது என்று முதலாளி சொல்லலாம், வாசலில் 30.06, 30.07 என்று சட்டப்பிரிவு எண் போட்ட பலகை மாட்டியிருப்பார்கள். ஆகவே பிரேக் ரூமில் பேசுகிறவர்களின் ரிவால்வர் அந்த நேரத்தில் வெளியே பிக்கப்பில் இருக்கும்.

அதுதான் எனக்குப் பிடிக்காத இடமும். வண்டியில் கிடக்கிற துப்பாக்கி திருடனுக்கு வைத்த பந்தி. கண்ணாடியை உடைத்தால் ஒரு நிமிட வேலை. வைத்துத்தான் ஆக வேண்டும் என்கிறவர்கள் சீட்டுக்குக் கீழே சங்கிலியில் கட்டிய சின்னப் பெட்டகம் போடட்டும். பலர் அதையும் செய்வதில்லை.

இன்னொன்றும் உண்டு, பிரேக் ரூமில் யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. அமெரிக்காவில் 2022-ல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48 ஆயிரத்துக்கும் மேல். அதில் சுமார் 27 ஆயிரம் பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். பார்க்கிங்கில் வருகிற முகம் தெரியாத திருடனைப் பற்றியே பேச்சு இருக்கும். மாதக்கணக்கில் சரியான தூக்கம் இல்லாமல், குடும்பத்தோடு ஒரு வேளை சேர்ந்து சாப்பிடாமல் இருக்கிறவன் வீட்டு அலமாரியில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி இருக்காது. நானாக இருந்தால் முதலில் அதைத்தான் யோசிப்பேன். நான் வாங்கவில்லை, வாங்கியவர்களை முட்டாள் என்றும் நினைக்கவில்லை.

உங்கள் தம்பி விஷயத்தில் யோசிக்கவே இடமில்லை. 1998-ல் சேர்த்த மத்தியச் சட்டப் பிரிவின்படி, குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர்கள், அதாவது எச்1பி, எச்4, மாணவர் விசா எல்லாம், துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது. டெக்சாஸில் லைசென்ஸ் வேண்டாம் என்பது இவர்களுக்குப் பொருந்தாது. 2022-க்குப் பிறகு இதற்கு 15 வருடம் வரை சிறை. அதோடு, துப்பாக்கிக் குற்றம் என்றால் நாடு கடத்தவும் அதுவே காரணமாகும். கடையில் நிரப்பச் சொல்கிற 4473 படிவத்தில் இதை நேராகவே கேட்பார்கள். பொய் எழுதினால் அது தனிக் குற்றம். வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்குகள் சட்டத்தில் இருக்கின்றன. 'பத்து இருபது டாலர் கட்டினால் போதும்' என்று யாராவது சொன்னால், குடியேற்ற வக்கீலிடம் கேட்காமல் அந்தப் பக்கமே போக வேண்டாம். கிரீன் கார்டு வந்தபிறகு கதை வேறு.

வாங்குவது மட்டும்தான் தப்பு என்று நினைக்கிறவர்கள் அதிகம். நண்பர் பார்க்கிங்கில் 'பிடிச்சுப் பாரு' என்று நீட்டுவார், அன்பாகத்தான். வாங்கிப் பார்க்க வேண்டாம். சுடுகளத்துக்கு வா, வாடகைக்கு எடுத்துச் சுடலாம் என்பார்கள். அதுவும் வைத்திருப்பதாகவே கணக்கு. அறைத்தோழரிடம் துப்பாக்கி இருந்தால் அது அவர் பூட்டில், அவர் சாவியில் இருக்க வேண்டும். உங்கள் தம்பி கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கக் கூடாது. இப்படி மறுத்தால் தப்பாக நினைப்பார்களா என்றால், மாட்டார்கள். "என் விசாவுக்குச் சட்டப்படி தொடக் கூடாது" என்று ஒரு வரி சொன்னால் போதும். துப்பாக்கிக்காரர்கள் சட்ட விஷயத்தில் கறாரானவர்கள், உடனே விட்டுவிடுவார்கள். கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு: 'இப்போது உன்னிடம் இருக்கிறதா?' அது சம்பளம் எவ்வளவு என்று கேட்பதைவிட மோசமான கேள்வி அங்கே.

பயத்துக்கு என்ன வழி என்றால், இருக்கிறது. வாசல் விளக்குக்குப் பக்கமாக வண்டியை நிறுத்துவது, ஷிப்ட் முடிந்தால் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து நடப்பது, பெட்ரோலை வேலைக்குப் போகும்போதே போட்டுக்கொள்வது. ராத்திரி மூன்று மணிக்கு ஆளில்லாத பங்க்கில் நிற்க வேண்டிய தேவை பாதிக்குப் பாதி இதிலேயே குறைந்துவிடும்.

ஆகவே ஐந்நூறு டாலர் ரிவால்வருக்குப் பதில் அவர் முதல் மாதச் சம்பளத்தில் வாங்க வேண்டியது ஒரு ஓபிடி ஸ்கேனர், ஒரு மல்ட்டிமீட்டர், ஜம்பர் ஒயர், நல்ல டார்ச். நூறு டாலருக்குள் முடிந்துவிடும். கார் வாங்குவதாக இருந்தால் பழைய காம்ரியோ கரோலாவோ, விபத்தில் அடிபட்டு மறுபடி கட்டியது என்று பத்திரத்தில் குறிப்பு இல்லாததாகப் பார்க்கட்டும். டெக்சாஸ் வெயிலில் பேட்டரி சீக்கிரம் போகும். மாற்றும்போது பழசைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 'கோர்' என்று பிடித்துவைத்த இருபது டாலர் சொச்சம் திரும்பக் கிடைக்கும். ரசீதைத் தூக்கி எறிய வேண்டாம் என்று சொல்லுங்கள்.